சோபா என்னும் திண்ணை

சென்ற மாதம் பெங்களூருவில் வீடு மாறினோம். ஆய்வு மாணவர் மூவர் சேர்ந்து எடுத்த வாடகை வீடு. கூடம் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதில் என்ன போடுவது என்று ஒரு வாரம் விவாதித்தோம். ஒருவர் சுவரின் மூலையை நிறைக்கும் 'எல்' வடிவச் சோபா வேண்டும் என்றார். இன்னொருவர் பாயும் திண்டும் போதும் என்றார். இறுதியில் கடைக்குச் சென்றோம். விற்பனையாளர் பொறுமையானவர். 32 அடர்த்தி நுரைக்கும் 40 அடர்த்தி நுரைக்கும் உள்ள வேறுபாட்டையும், ரப்பர் மரச்சட்டம் தேக்குச் சட்டத்தைவிட ஏன் விலை குறைவு என்பதையும், வெல்வெட்டில் தூசி படிவதையும், ரெக்சின் கோடையில் முதுகில் ஒட்டுவதையும் விளக்கினார். ஒவ்வொன்றிலும் எங்களை அமர்ந்து பார்க்கச் சொன்னார். ஏறத்தாழ ஒரு மணி நேரம். முப்பதுக்கும் மேற்பட்ட சோபாக்கள் இருந்த அக்கடையில் அவர் ஒருமுறைகூட அமரவில்லை. அமரக்கூடாது என்பது அவருக்கும் தெரிந்திருந்தது, எங்களுக்கும் தெரிந்திருந்தது. அதை யாரும் சொல்லவில்லை.

இப்பதிவு அந்த ஒரு மணி நேரத்திலிருந்து தொடங்குகிறது. சோபாவைத் தேர்ந்தெடுப்பதை நாம் அளவு, நிறம், விலை ஆகியவற்றின் சிக்கலாகவே பார்க்கிறோம். ஆனால் தென்னிந்திய வீட்டில் இருக்கையின் வரலாறு என்பது, யார் முன்னே யார் அமரலாம் என்பதன் வரலாறு. கூடத்தில் எதைப் போடுகிறோம் என்பது அவ்வரலாற்றில் நாம் எடுக்கும் ஒரு நிலைப்பாடும் ஆகிறது.

முதலில் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். மொழியியல் படித்தவரிடம் வேறெதை எதிர்பார்க்க முடியும்? 'சோபா' நமக்கு ஆங்கிலத்தின் வழியே வந்த சொல். ஆங்கிலத்துக்கு அது துருக்கியிலிருந்து ஐரோப்பிய மொழிகளின் வழியே வந்தது. அதன் மூலம் அரபியில் 'ஸுஃப்பா': கல்லாலோ மரத்தாலோ ஆன, தரையிலிருந்து சற்றே உயர்த்திய மேடை. மேலே விரிப்பும் திண்டும் இட்டு அமர்வார்கள். இசுலாமிய வரலாற்றில் இச்சொல்லுக்குத் தனி இடம் உண்டு. மதீனாவில் நபிகளாரின் பள்ளிவாசலை ஒட்டியிருந்த நிழல்மேடைக்கு அதுவே பெயர். வீடும் உறவும் இல்லாத ஏழைத் தோழர்கள் அங்கேதான் தங்கினர். 17ஆம் நூற்றாண்டில் இச்சொல் ஆங்கிலத்தில் நுழைந்தபோதும் கீழைநாட்டு மேடை என்ற பொருளிலேயே நுழைந்தது. மெத்தை தைத்த நீள்இருக்கை என்னும் பொருள் 18ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது.

வீட்டோடு சேர்ந்த, சுவரில் முதுகு சாய்த்துப் பலர் வரிசையாக அமரும் உயர்மேடை. இந்த வரையறையைத் தமிழரிடம் சொன்னால் அவர் உடனே சொல்லும் சொல் 'திண்ணை' என்பதாகவே இருக்கும். கன்னடத்தில் 'ஜகலி'. ஆக, திண்ணையை இடித்துவிட்டுக் கட்டிய அடுக்ககத்தின் உள்ளே நாம் காசு கொடுத்து வாங்கி வைப்பது, சொல்லின் வேர்ப்பொருளில், இன்னொரு திண்ணையை. வேடிக்கை என்னவென்றால், நம் திண்ணைக்கு ஆங்கிலேயர் வழங்கிய பெயரும் கடன்சொல்லே. 'பயல்' என்று அவர்கள் எழுதினர். திண்ணைப் பள்ளிக்கூடங்களைப் 'பயல் ஸ்கூல்' என்றே கல்வி அறிக்கைகளில் குறித்தனர். அது ஏதோ தென்னிந்தியச் சொல் என்று சிலர் கருதியதுண்டு. உண்மையில் மேடையைக் குறிக்கும் 'போயோ', 'போயால்' என்னும் போர்த்துகீசியச் சொற்களின் திரிபு அது.

'திவான்' இன்னும் சுவையானது. பாரசீகத்தில் அது பதிவேட்டைக் குறித்தது. பிறகு பதிவேடுகள் இருந்த அலுவலகத்தை, அரசவையை. பிறகு அவ்வவையின் சுவரோரம் இடப்பட்ட மெத்தை இருக்கையை. மைசூர் அரசில் அதே சொல் முதலமைச்சரின் பதவிப்பெயர். பூர்ணய்யா, சேஷாத்ரி ஐயர், விசுவேசுவரய்யா ஆகியோர் திவான்கள். இன்று பெங்களூரு அறைகலன் கடையில் 'திவான் என்ன விலை?' என்று கேட்டால் அடியில் பெட்டி வைத்த கட்டிலைக் காட்டுகிறார்கள். அமர்பவனின் பெயர் இருக்கைக்கும், இருக்கையின் பெயர் அமர்பவனுக்கும் மாறுவது உலகெங்கும் காணப்படும் பொருண்மை மாற்றம்தான். கூட்டத்தை நடத்துபவரை ஆங்கிலத்தில் 'சேர்' என்கிறார்கள். 'நாற்காலிக்கு ஆசைப்படுகிறார்' என்று நாமும் அரசியல்வாதியைச் சொல்கிறோம்.

பழந்தமிழில் இவ்விடம் 'கட்டில்' என்னும் சொல்லுக்கு உரியது. இன்று படுக்கைக்கு மட்டும் வழங்கும் இச்சொல் அன்று அரியணையையும் குறித்தது. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் 'அரசு கட்டிலில் துஞ்சிய' நெடுஞ்செழியன் என்றே அறியப்படுகிறான். (வடமொழியின் 'கட்வா' திராவிடக் 'கட்டில்' வழிப்பட்டது என்பது திராவிட மொழியியலாளர் கருத்து. அது சரியானால், இந்தியின் வழியே ஆங்கிலத்துக்குச் சென்ற 'காட்' என்ற சொல்லின் வேரும் நம்மிடமே இருக்கிறது.) நெடுநல்வாடையில் அரசியின் கட்டில் யானைத் தந்தத்தால் ஆனது, அதைச் செய்த விதத்தைப் புலவர் வரிவரியாக விரிக்கிறார். அறைகலன் வரலாறு எழுதப்புகுவோர் அங்கிருந்து தொடங்கலாம்.

ஆனால் என் வாதத்துக்கு வேண்டியது புறநானூற்றின் 50ஆம் பாடல் சொல்லும் நிகழ்ச்சி. முரசை நீராட்டக் கொண்டு சென்றிருந்த வேளையில், அயர்ந்து வந்த மோசிகீரனார் அதன் கட்டிலில், இன்னதென்று அறியாமல், படுத்து உறங்கிவிடுகிறார். முரசுகட்டில் தெய்வத்தன்மை உடையது. அதில் ஏறியவரை வாளால் வெட்டுவதே முறை. சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை வெட்டவில்லை. விசிறி எடுத்து வீசினான். இதனை மன்னனின் தமிழ்ப்பற்றுக்குச் சான்றாகப் பள்ளியில் படித்தோம். நான் இப்போது அதில் வேறொன்றைக் காண்கிறேன். தவறான இருக்கையில் அமர்ந்தால் உயிர் போகலாம் என்பது அங்கே இயல்பான விதி. விதி இருந்ததால்தான் விலக்கு பாடலாயிற்று.

நாற்காலியில் அமர்வது பழந்தமிழ் வீட்டின் பொது வழக்கமன்று. பாய், மணை, பலகை, முக்காலி, ஊஞ்சல், திண்ணை ஆகியவையே அன்றாட இருக்கைகள். முதுகுச்சாய்வும் கைப்பிடியும் உடைய தனியிருக்கை 16ஆம் நூற்றாண்டு முதல் கடற்கரை வணிகத்தோடு பரவலாயிற்று. அதன் தடயங்களைச் சொற்களில் காணலாம். மேசை, அலமாரி, சன்னல், சாவி ஆகிய நான்கும் போர்த்துகீசியம். ஈழத்தமிழர் நாற்காலியைக் 'கதிரை' என்பர். அது போர்த்துகீசியக் 'கதெய்ரா'. அதன் வேரான இலத்தீன்-கிரேக்கச் சொல்லிலிருந்துதான் ஆயரின் இருக்கை உள்ள தேவாலயத்துக்குக் 'கதீட்ரல்' என்ற பெயரும் வந்தது. யாழ்ப்பாணத்தைப் போர்த்துகீசியர் 1619 முதல் 1658 வரை நேரடியாக ஆண்டனர். அந்த ஆட்சி போய்விட்டது, கதிரை நின்றுவிட்டது. கன்னடத்திலும் தெலுங்கிலும் வழங்கும் 'குர்ச்சி' அரபு-பாரசீகக் 'குர்சி'. பெங்களூருத் தமிழர் பலர் வாயிலும் அதுவே கேட்கிறது. தமிழ்நாட்டுத் தமிழ் மட்டும் கடன் வாங்காமல், கால்களை எண்ணி 'நாற்காலி' என்று பெயரிட்டுக்கொண்டது. கால்களை எண்ணுவதில் இந்திக்காரரும் நம் பங்காளிகள்: சோபாவின் முன்னே நாம் போடும் 'டீப்பாய்' தேநீரோடும் பாயோடும் தொடர்பில்லாதது, 'திபாய்' என்றால் முக்காலி. நம் வீட்டு டீப்பாய்க்கு நான்கு கால் இருப்பது வேறு செய்தி.

ஒருவழிப் போக்காக இதனைக் கருதிவிடக் கூடாது. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சோழமண்டலக் கரையின் தச்சர்கள் ஐரோப்பியர் கேட்டபடி கருங்காலி மரத்தில் தாழ்ந்த நாற்காலிகளைச் செய்தனர். முறுக்கிய கால்கள், மலரும் கொடியும் அடர்ந்த செதுக்கல். அவை கப்பலேறி இங்கிலாந்து சென்று பணக்கார மாளிகைகளில் இருந்தன. ஒரு நூற்றாண்டில் அவை எங்கிருந்து வந்தன என்பதே மறந்துபோயிற்று. 18ஆம் நூற்றாண்டில் ஹோரஸ் வால்போல் அவற்றை இங்கிலாந்தின் தொல்பொருளாகவே கருதி, டியூடர் காலத்தவை என்று நம்பி, தம் ஸ்ட்ராபெரி ஹில் மாளிகைக்கு வாங்கிக் குவித்தார். பெயர் தெரியாத தச்சர்களின் கைவேலை, ஆங்கிலேயரின் பாட்டன் சொத்தாக ஒரு தலைமுறைக்கு வாழ்ந்தது! வில்லியம் கூப்பர் என்ற ஆங்கிலக் கவிஞர் 1785இல் வெளியிட்ட நெடும்பாடலின் முதற்பகுதிக்குச் 'சோபா' என்றே தலைப்பு. தோழி ஒருத்தி விளையாட்டாகக் கொடுத்த தலைப்பு அது. முக்காலியில் தொடங்கிச் சோபாவில் முடியும் வரலாற்றை அவர் அதில் சொல்கிறார். நடுவே இந்தியாவிலிருந்து வந்த பிரம்பும் இடம்பெறுகிறது.

காலனிய ஆட்சியில் நாற்காலி வெறும் அறைகலனாக இருக்கவில்லை. அதிகாரியைக் காணச் செல்லும் இந்தியருக்கு அமர இருக்கை தரப்படுமா, நிற்க வேண்டுமா என்பது மதிப்பின் அளவுகோலாயிற்று. 19ஆம் நூற்றாண்டில் வடஇந்தியாவில் 'குர்சி நஷீன்' என்ற சான்றிதழே வழங்கப்பட்டது. பொருள்: நாற்காலியில் அமர்பவர். அதிகாரியின் முன் அமர உரிமை பெற்றவர் என்பதற்கு முத்திரையிட்ட தாள்! இதைப் படித்து நகைப்போர், நம் துறைத்தலைவர் அறையில் ஆய்வு மாணவர் எத்தனை பேர் சொல்லாமலே அமர்கிறோம் என்று எண்ணிப் பார்க்கலாம்.

அத்தாளுக்கு முன்பும் பின்பும் நம்மிடம் தாளில்லாத சட்டம் இருந்தது. திண்ணையை நாம் ஏக்கத்தோடு நினைவுகூர்கிறோம்: வழிப்போக்கனுக்கு நிழல், திண்ணைப் பள்ளி, அரட்டை. எல்லாம் உண்மை. ஆனால் எந்த வழிப்போக்கனுக்கு என்ற கேள்வியும் உடன் இருக்கிறது. சிலர் திண்ணையில் அமர்ந்தனர். சிலர் திண்ணையின் கீழே தெருவில் நின்று பேசினர். சிலருக்கு அந்தத் தெருவே இல்லை. வீட்டின் மண்ணடுக்குகளே சாதியின் அளவுகோல். தெரு, திண்ணை, ரேழி, கூடம், அடுக்களை என்று யார் எதுவரை வரலாம் என்பது படிப்படியாக வரையறுக்கப்பட்டிருந்தது. 'நம் வீடுகள் திறந்த வீடுகள்' என்று எழுதும் கட்டடக்கலை அறிஞர்கள் இதையும் ஒரு வரி எழுதினால் நன்று.

கிராமத்துக்குள் நாற்காலி நுழைந்த கதையைக் கி. ராஜநாராயணன் 'நாற்காலி' என்ற சிறுகதையில் சொல்லியிருக்கிறார். நாற்காலியே இல்லாத ஊரில் ஒரு குடும்பம், வீட்டுக்கு வந்த அதிகாரியை அமரவைக்க ஒழுங்கான இருக்கை இல்லாமல் பட்ட சங்கடத்தால், தச்சரிடம் ஒன்று செய்துகொள்கிறது. ஊரார் அதைக் கேட்டு வாங்கிச் செல்லத் தொடங்குகின்றனர், இறந்தவரை அமர்த்துவதற்கு. பிறகு வீட்டுப் பிள்ளைகள் அதில் அமர அஞ்சுகின்றனர். சிரித்துக்கொண்டே படிக்கலாம். எனினும் அதன் அடியில் ஒரு சமூகவியல் உண்டு: நாற்காலி முதலில் அதிகாரிக்கானது, பிறகு பிணத்துக்கானது, உயிரோடிருக்கும் ஊரான் தரையில்தான் அமர்கிறான்.

பெங்களூருக்கு வருவோம். 1809இல் ஆங்கிலப் படைகள் சீரங்கப்பட்டணத்திலிருந்து இங்கே மாற்றப்பட்டன. தண்டு என்று இன்றும் பழைய தமிழர் சொல்லும் கன்டோன்மென்ட் உருவாயிற்று. படையோடு வணிகராகவும் பணியாளராகவும் கைவினைஞராகவும் தமிழர் பெருமளவில் குடியேறினர். அங்கிருந்த பங்களாக்களின் வரவேற்பறைகள்தாம் இந்நகரில் சோபாவின் முதல் இருப்பிடங்கள். ஆனால் அவற்றின் உரிமையாளர் நிலையாக இருப்பவரல்லர். அதிகாரிக்கு எப்போது வேண்டுமானாலும் மாற்றல் வரும். எனவே மடக்கவும் கழற்றவும் கூடிய அறைகலன்களைச் செய்தனர், வாடகைக்கு எடுத்தனர், போகும்போது ஏலம் விட்டனர். 1896இல் இங்கு வந்த வின்ஸ்டன் சர்ச்சில் படைத்தோழர் இருவரோடு ஒரு பங்களாவைப் பகிர்ந்துகொண்டார். வாடகை வீட்டில் மூவராகத் தங்கும் வழக்கம் இந்நகரில் புதிதன்று என்பதற்காகச் சொல்கிறேன். அவர் செலுத்தாமல் போன 13 ரூபாய் கணக்கு பெங்களூரு கிளப்பின் ஏட்டில் இன்றும் இருக்கிறது.

இத்தற்காலிக வாழ்வு ஒரு நூற்றாண்டுக்குப் பின் வேறு உருவில் திரும்பியது. தகவல்தொழில்நுட்ப ஊழியரும் மாற்றலாகும் அதிகாரியைப் போலவே பதினொரு மாத ஒப்பந்தத்தில் வாழ்பவர். இணையவழி அறைகலன் விற்பனையின் முன்னோடிகளுள் ஒன்றான அர்பன் லேடர் 2012இல் பெங்களூருவில் தோன்றியதும், சோபாவை மாத வாடகைக்குத் தரும் ஃபர்லென்கோ, ரென்டோமோஜோ ஆகியவை இதே நகரில் வளர்ந்ததும் தற்செயலன்று. 2022 ஜூனில் நாகசந்திராவில் ஐகியா திறந்தபோது மெட்ரோ நிலையத்திலிருந்து மக்கள் சாரைசாரையாகச் சென்றனர். விற்பனைக் கூடத்தில் குடும்பங்கள் மாதிரி அறைகளில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த காட்சி, பழைய திண்ணைகளை நினைவூட்டியது.

இடைப்பட்ட காலத்தைச் சுருக்கமாகக் கடக்கிறேன். நடுத்தர வர்க்கத்தின் கூடம் 'ஹால்' ஆனது; வீட்டின் அளவே படுக்கையறையோடும் ஹாலோடும் சேர்த்துச் சொல்லப்பட்டது. 1982இல் வண்ணத் தொலைக்காட்சி வந்தது. அதுவரை ஒருவரை ஒருவர் நோக்கியிருந்த இருக்கைகள் ஒரே சுவரை நோக்கித் திரும்பின. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்க அண்டை வீட்டார் வந்தனர். வந்தவர்கள் தரையில், வீட்டுக்காரர் சோபாவில். எங்கள் தெருவில் அப்படித்தான் இருந்தது என்று என் தந்தை சொல்லியிருக்கிறார். பின்னர் வார்ப்பில் செய்த பிளாஸ்டிக் நாற்காலி வந்து, பந்தலிலும் தேநீர்க் கடையிலும் எல்லாரையும் ஒரே உயரத்தில் அமரவைத்தது. அறைகலன் வரலாற்றில் அதற்கு உரிய மதிப்பை நாம் இன்னும் தரவில்லை. உடனே வீடுகள் ஒரு வழி கண்டுபிடித்தன: மதிப்புக்குரிய விருந்தினருக்குச் சோபா, தண்ணீர்க் குழாய் பழுதுபார்க்க வந்தவருக்குப் பிளாஸ்டிக் நாற்காலி, வீட்டுவேலை செய்பவருக்குத் தரை.

பழைய கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில், தேர்ந்தெடுக்கப்பட்ட பட்டியல் சாதிப் பெண் தலைவர் ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் அமர்த்தப்பட்டார், மற்றவர்கள் நாற்காலியில். அந்த ஒளிப்படம் வெளியானதால் உலகம் அறிந்தது. மறுபுறம், கேரளத்தில் துணிக்கடைப் பெண் தொழிலாளர்கள் 'இருக்கும் உரிமை'க்காகப் போராடினர். கோழிக்கோட்டில் தொடங்கிய 'பெண்கூட்டு' அமைப்பு அதில் முன்னின்றது. 2018இல் அம்மாநிலக் கடைகள் சட்டம் திருத்தப்பட்டது. 2021இல் தமிழ்நாடும் திருத்தியது: பணியாளர் வாய்ப்பு கிடைக்கும்போது அமர்வதற்கு இருக்கை இருக்க வேண்டும் என்று 22-அ பிரிவு கூறுகிறது. அமர்வதற்குச் சட்டம் தேவைப்பட்டது என்பதையும், அது 21ஆம் நூற்றாண்டில்தான் வந்தது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். 'அங்காடித் தெரு' 2010இல் வெளிவந்த படம்.

இனி, எந்தச் சோபா? தனித்தனி இருக்கைகள் ஒவ்வொருவருக்கும் எல்லை வகுக்கின்றன. அதில் பெரியது வீட்டுத் தலைவருக்கு என்பது எழுதாத விதி. நீள்இருக்கையில் அருகருகே அமர வேண்டியிருக்கிறது. தோளோடு தோள் படுகிறது. தீண்டாமையின் வரலாறு உள்ள சமூகத்தில் இதைச் சிறியதென்று நான் கருதவில்லை. ஆகவே நான் மூவர் அமரும், நடுவில் பிரிவில்லாத, கைப்பிடியும் இல்லாத, தாழ்ந்த மர இருக்கையை வாதாடி வாங்கவைத்தேன். ஆறரை அடி நீளம், பதினைந்து அங்குல உயரம். ஒப்புக்கொள்கிறேன், திண்ணை என்ற எண்ணமும் அதில் கலந்திருந்தது. மின்தூக்கியில் நுழையவில்லை, மூன்று மாடி தூக்கிவந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்தோம். அவர்களில் இருவர் அதிலேயே அமர்ந்து குடித்தனர், ஒருவர் படியில் அமர்ந்தார்.

வீட்டில் வேலைக்கு வரும் அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். தமிழ் பேசுபவர், தண்டில் பிறந்தவர். முதல் நாளே, 'அக்கா, இங்கே உட்காருங்க' என்றோம். அவர் அதைக் கையால் அழுத்திப் பார்த்தார். 'இம்மாந் தாழ்வா இருக்கு. இதுல உக்காந்தா எழுந்திருக்க கைய எங்க ஊன்றது?' என்று கேட்டார். முழங்கால் வலி அவருக்குப் பல ஆண்டுகளாக உண்டு. அடுக்களை வாசலில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். அதன் இருக்கை உயரம் பதினேழரை அங்குலம். பிறகு அளந்து பார்த்தேன். அதற்குக் கைப்பிடியும் இருக்கிறது. வாங்கும் முன் அமரப்போகிறவர் எல்லாரையும் கணக்கிட்டதாக நினைத்திருந்தோம்; அவரைக் கேட்கவில்லை. கடைக்காரர் ஏழு நாளுக்குள் மாற்றித் தருவதாகச் சொல்லியிருந்தார். இன்று ஐந்தாம் நாள்.

பெங்களூரு, கோலார் தங்கவயல், ஓசூர்ப் பகுதித் தமிழ்க் குடும்பங்களில் மூத்தோர் இருக்கைகளுக்கு வழங்கும் சொற்களைத் திரட்டி வருகிறேன். குர்ச்சி, பெஞ்சு, மணை, ஜகலி, வேறு எதுவாயினும், யார் எதில் அமர்ந்தார்கள் என்ற குறிப்போடு பின்னூட்டத்தில் எழுதினால் உதவியாக இருக்கும்.